முக்குத் திரும்பும் முன்

மாலை நான்கு மணிக்கு நம் கல்லூரி வாயிலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஒரு விசையைத் தட்டுகிறார்கள்; மஞ்சள் விளக்கு மினுக்குகிறது; எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. சைக்கிளில் போகிற நம் தோழியரைப் பாருங்கள். ஒருத்தி தலையை மட்டும் வலப்பக்கம் சாய்க்கிறாள். ஒருத்தி ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு விரலைத் தூக்குகிறாள். இன்னொருத்தி கையை நீட்டுகிறாள். ஆனால் ஈ ஓட்டுவதுபோல் இரண்டு தடவை ஆட்டிவிட்டு உடனே இழுத்துக்கொள்கிறாள். மற்றவர்கள் எதுவும் செய்வதில்லை. மணியை அடித்துக்கொண்டே திரும்பிவிடுகிறார்கள். இவர்களுள் தனக்குத் தானே பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்பவள் யார் என்று கேட்டால், எதுவுமே செய்யாதவள் என்று எல்லாரும் சொல்வீர்கள். கையை ஆட்டியவள்தான் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்கவே இக்கட்டுரை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் நுழைந்தவர்கள் சுவரில் ஒரு படத்தைக் கண்டிருப்பீர்கள். கார்க் கதவின் வழியே ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் தொடர்ந்து 1989இல் வந்த சாலை விதிகள், ஓட்டுநரின் வலக் கை ஒன்றுக்கே ஐந்து பொருள்களை வகுத்தன. உள்ளங்கை கீழ்நோக்க நீட்டி மேலும் கீழும் அசைத்தால், வேகத்தைக் குறைக்கிறேன் என்பது பொருள். முன்கையை நேராக உயர்த்தினால், நிற்கப் போகிறேன். கிடையாக நீட்டி, உள்ளங்கை முன்நோக்க அசையாமல் வைத்தால், வலப்பக்கம் திரும்புகிறேன். நீட்டிய கையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றினால், இடப்பக்கம் திரும்புகிறேன். கிடையாக நீட்டிய கையை முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசினால், பின்னால் வருகிறவரே, நீர் என்னைத் தாண்டிப் போகலாம் என்பது பொருள். 2017இல் இவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. ஆயினும் சுவர்ப் படம் சுவரிலேயே இருக்கிறது. இன்று பேருந்தும் லாரியும் ஓட்டுகிற பலர் அந்தப் படத்தைப் பார்த்துக் கற்றவர்கள்தாம்.

மூன்றாவதையும் ஐந்தாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் அதே கை, அதே பக்கம், அதே நீட்டல். அசையாமல் நின்றால், 'நான் வலப்பக்கம் வருகிறேன், நீ வராதே' என்று அர்த்தம். வீசினால், 'என் வலப்பக்கமாக நீ தாராளமாக வா' என்று அர்த்தம். ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு செய்திகளுக்கும் நடுவே இருப்பது ஓர் அசைவு மட்டுமே! இப்போது ஈ ஓட்டுகிற நம் தோழியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் வலப்பக்கம் திரும்பத்தான் கையை ஆட்டுகிறாள். பின்னால் வருகிற ஓட்டுநரோ, சைக்கிள்காரி நமக்கு வழி விடுகிறாள் என்று எண்ணி விசையை மிதிக்கிறார். அவர் நல்ல ஓட்டுநர், விதியும் தெரிந்தவர், அதனாலேயே அவளுடைய வலப்பக்கத்துக்கு வருகிறார். அவள் திரும்புகிற அதே நொடியில் அதே இடத்துக்கு வருகிறார். கை காட்டாமல் திரும்புகிறவளை நல்ல ஓட்டுநர் ஐயத்தோடு பின்தொடர்வார். கையை ஆட்டியவளை நம்பிக்கையோடு முந்துவார். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

நம் நாட்டில் இடப்பக்கமாகச் செல்வது வழக்கம். ஆகவே இடப்பக்கம் திரும்புவது தெருவோரமாகவே வளைந்து போவது. வலப்பக்கம் திரும்புவது பின்னால் வருகிற வண்டிகளின் குறுக்கேயும் எதிரே வருகிற வண்டிகளின் குறுக்கேயும் கடப்பது. டவுனில் ரத வீதிகளைச் சுற்றிப் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வாகையடி முக்கில் ஆனித் தேரே நின்று, கட்டை போட்டு, ஆள் பார்த்துத்தான் திரும்புகிறது. அவ்வளவு பெரிய தேருக்கு முன்னால் அத்தனை பேர் நின்று கை காட்டுகிறார்கள். பதினைந்து கிலோ இரும்பில் போகிற நமக்குக் காட்ட நம் கையை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

இடப்பக்கம் திரும்ப வலக் கையைச் சுழற்றச் சொன்ன விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடக் கை வண்டிக்குள் இருக்கிறது. அதை யாரும் பார்க்க முடியாது. ஆகவே வலக் கையாலேயே இடப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டிய கட்டாயம். பழைய மாரிஸ் மைனர் கார்களில் இரு கதவுகளுக்கும் நடுவேயிருந்து சின்னஞ்சிறு கைபோல ஒரு பட்டை வெளியே வந்து நிற்கும். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. கார் கூடத் தனக்கு இரண்டு கை வேண்டும் என்று ஏங்கிய காலம் அது! சைக்கிளில் போகிற நமக்கோ கூரையும் இல்லை, கதவும் இல்லை. இரண்டு கையும் ஊரறியத் தெரிகின்றன. நாம் ஏன் காருக்காக எழுதிய சுழற்சியை இரவல் வாங்க வேண்டும்? சைக்கிள்காரர் வலக் கையைச் சுழற்றினால், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அது 'தாண்டிப் போ' என்பதுபோலவே தோன்றும். இடப்பக்கம் திரும்ப இடக் கையை நீட்டுவதே தெளிவு. இங்கிலாந்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இடக் கை என்றவுடன் நம் வீடுகளில் ஒரு தயக்கம் எழும் என்பதை அறிவேன். பெரியவர்களிடம் இடக் கையால் எதையும் கொடுக்க மாட்டோம். கடையில் காசை இடக் கையால் நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார். வழக்கம் வழக்கமாகவே இருக்கட்டும். சாலையில் நாம் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. போகிற திசையைத்தான் சொல்கிறோம். இடத்தை இடக் கையால் சொல்வதில் என்ன மரியாதைக் குறைவு?

ஆனால் இடக் கையை நீட்டும்போது கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. இதை எந்தச் சுவர்ப் படமும் சொல்வதில்லை. நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலப்பக்கப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். இடப்பக்கப் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். வலக் கையை நீட்டியிருக்கும்போது இடக் கையில் பின்பிரேக் இருக்கிறது. திடீரென்று அமுக்கினாலும் வண்டி தேய்ந்து நிற்கும், பெரிய கேடில்லை. இடக் கையை நீட்டியிருக்கும்போது வலக் கையில் மிஞ்சுவது முன்பிரேக் ஒன்றே. அதை இறுக்கிப் பிடித்தால் பின்சக்கரம் எழும்பி ஆளை முன்னால் தள்ளிவிடும். எனவே இடப்பக்கம் திரும்பும்போது முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகுதான் கையை எடுக்க வேண்டும். சாலை குண்டும் குழியுமாக இருந்தால் இடப்பக்கத்துக்குக் கை காட்டாவிட்டாலும் குற்றமில்லை. ஏற்கெனவே ஓரத்தில்தான் போகிறோம். உங்கள் சைக்கிளில் எந்தப் பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதை இன்று மாலையே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பலருக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் நீட்ட வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் பதினொரு மீட்டர் ஓடுகிறது. நாம் ஒரு விநாடி கையைக் காட்டி இழுத்துக்கொண்டால், அவர் நம் கையைக் கண்டு, பொருள் உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் நம்மை ஒட்டி வந்துவிடுவார். மூன்று விநாடியாவது கை நிற்க வேண்டும். மனத்துக்குள் 'தாமிரபரணி' என்று நிதானமாக மூன்று முறை சொல்லும் நேரம். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மிதிக்கிற நாம் அந்த மூன்று விநாடியில் பத்து மீட்டர் போயிருப்போம். ஆகவே முக்கு வந்தபின் கையை நீட்டுவது வீண். முக்குக்கு முந்தைய மின்கம்பத்திலேயே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பு நீட்ட வேண்டும். மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். கையை மீண்டும் ஹேண்டில்பாருக்குக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்துத்தான் திரும்ப வேண்டும். ஒற்றைக் கையோடு வளைவில் சாய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். கை காட்டிவிட்டோம், இனிப் பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பதும் தவறு. நீட்டிய கை ஒரு விண்ணப்பம்தான். அது ஏற்கப்பட்டதா என்று திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது விண்ணப்பித்தவரின் கடமை.

இவ்வளவையும் நமக்கு ஏன் எவரும் சொல்லித் தரவில்லை? ஸ்கூட்டர் ஓட்ட உரிமம் வேண்டும். உரிமத்துக்குத் தேர்வு உண்டு. சைக்கிள், சட்டத்தின் கண்ணில், மோட்டார் வாகனம் அன்று. ஆகவே உரிமமும் இல்லை, தேர்வும் இல்லை. முன்னாளில் நகராட்சியும் ஊராட்சியும் சைக்கிளுக்கு உரிமம் கொடுத்து ஒரு தகட்டு வில்லையையும் தந்தன. விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடிப்பார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். விளக்கைக் கேட்டார்கள், வில்லையைக் கேட்டார்கள். அப்போதும் கையைப் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தை 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் மாணவியருக்கும் விரிந்தது. இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. இக்கல்லூரியில் படிக்கிற பலர் அந்தச் சைக்கிளில்தான் மேல்நிலை வகுப்புகளை முடித்தோம். சிலர் இன்னும் அதே சைக்கிளில்தான் வருகிறோம். என் வருத்தம் ஒன்றே. வழங்கும் நாளில் பந்தல் உண்டு, மாலை உண்டு, சொற்பொழிவு உண்டு, புகைப்படம் உண்டு. அதன்பின் பிள்ளைகள் வண்டியை உருட்டிக்கொண்டு நேரே நெடுஞ்சாலைக்குப் போய்விடுகிறார்கள்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அம்பாசமுத்திரம் சாலையை ஒட்டிய வாய்க்கால் கரை ஊர்களில் வளர்ந்தவள் நான். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய காலம் முதல் ஊருக்குள் ஒரு நாளும் கை காட்டியதில்லை; காட்டத் தேவையும் இல்லை. எதிரே வருகிற பால்காரருக்கு நான் யார் வீட்டுப் பெண், எந்தத் தெருவில் திரும்புவேன் என்பது தெரியும். அறிமுகமே அங்கே கைகாட்டி. வாய்க்கால் பாலம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியவுடன் நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பாபநாசத்திலிருந்து வருகிற பேருந்து ஓட்டுநருக்கு நான் பத்தமடைக்குள் திரும்புவேனா, நேரே சேரன்மகாதேவிக்குப் போவேனா என்பது எப்படித் தெரியும்? முன்பின் தெரியாதவர்களோடு சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும்போதுதான் கைக்கு வேலை வருகிறது. இதை உணராமல் ஊர்ப் பழக்கத்தையே நகரத்துக்கும் கொண்டுவருகிறோம்.

நகரமும் சைக்கிளை அறியாத நகரம் அன்று. ரயில் பாதைக்கு மேலே 1973இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலத்தில் மேலடுக்கு பேருந்து, லாரி போன்ற கனரக வண்டிகளுக்கு. கீழடுக்கு சைக்கிள் முதலிய சிறு வண்டிகளுக்கு. சைக்கிள்காரரையும் ஒரு பொருட்டாக மதித்து அவருக்கென ஓர் அடுக்கையே கட்டிய ஊர் திருநெல்வேலி. ஆனால் அடுக்கு எங்காவது முடியத்தானே வேண்டும்? பாலம் இறங்கும் இடத்தில் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றாகக் கலக்கின்றன. பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்தாக வேண்டும். காரும் பேருந்தும் தோன்றாத காலத்தில், 1843இல், தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அவர் கட்டித் தந்த பாலம் அது. அதைத் தாண்டினால் வண்ணார்பேட்டை. நான்கு திக்கிலிருந்தும் வருகிற வண்டிகளுக்கு நடுவே இந்த ஊரில் தனி அடுக்கு பெற்ற அதே சைக்கிள்காரர், சொல்லத் தெரியாத ஊமையாகத் தடுமாறுகிறார். 2022ஆம் ஆண்டில் இந்திய மாநிலங்களுள் மிகுதியான சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான். 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அவற்றுள் கை காட்டாததால் போனவை எத்தனை என்று யாரும் தனியே எண்ணுவதில்லை.

பெண்களாகிய நமக்கு இன்னொரு தடையும் உண்டு. அதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பாதிதான். "ஏட்டி, ரோட்டுல கையக் கிய நீட்டிக்கிட்டுப் போவாத, அடக்கமாப் போ" என்று சொல்லி அனுப்புகிற வீடுகளை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். நீட்டிய கையைப் பார்த்து, 'யாரைக் கூப்பிடுத?' என்று கேலி பேசிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு விரலோடு நாம் நின்றுவிடுவதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று, கூச்சமும்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்தார்கள். பெண் சைக்கிளில் ஏறுவதே அடக்கமின்மை என்று பேசிய வாய்கள் அன்றும் இருந்தன. கல் உடைக்கிற பெண்களும் வயலில் நடவு நடுகிற பெண்களும் அதைத் தாண்டி ஏறினார்கள். அவர்கள் ஏறிய வண்டியில் நாம் கையை நீட்டக் கூசுவதா? அசையாமல் நீட்டிய கை யாரையும் கூப்பிடுவதில்லை. ஆட்டினால்தான் அது கூப்பிடுவதுபோல் இருக்கும்; கேலிக்கும் அதுவே இடம் தரும்.

கையை எடுக்கவே முடியாதவர்களும் சாலையில் உண்டு என்பதை மறக்கவில்லை. இருபக்கமும் பால் கேன் தொங்குகிற வண்டியையும், பத்தமடைப் பாய்க்கட்டு ஏற்றிய வண்டியையும், வாழைத்தார் கட்டிய வண்டியையும் ஒற்றைக் கையால் பிடிக்கச் சொல்வது மடமை. முதுகில் புத்தகப் பையும் பின்னால் தங்கையுமாகப் போகிற பள்ளிப் பெண்ணுக்கும் அதுவே. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: முக்குக்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியை உருட்டிக்கொண்டு கடப்பது. அரை நிமிடம் போகும், போகட்டும். இப்போது சைக்கிளுக்கும் மின்கலத்தில் எரிகிற விளக்குக் கருவிகள் விற்கிறார்களே என்பார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். மதிய வெயிலில் அந்த விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது என் கண்ணுக்குக் கடினமாகவே இருக்கிறது.

கை காட்டுகிறவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. காட்டிய கையைப் படிக்க வேண்டியவர்கள் ஸ்கூட்டரிலும் காரிலும் வருகிறவர்கள். நம் தோழியருள் ஒரு பகுதியினரும் பேராசிரியப் பெருமக்களும் அவர்களுள் அடக்கம். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள் உண்டு: பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. அவர் பெயர் தாங்கிய மேம்பாலத்தில் நாள்தோறும் ஏறி இறங்குகிற நாம் சாலையில் குறிப்பறிகிறோமா? முன்னால் போகிற சைக்கிள்காரர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாலே, இவர் ஏதோ செய்யப் போகிறார் என்பது குறிப்பு. கை நீண்டால் முந்தாமல் பின்தங்குங்கள். ஹாரன் அடித்து அவரை நடுக்கத்தில் தள்ளாதீர்கள். ரயில் பாதையில் கைகாட்டி மரங்கள் இருந்த காலத்தில், கைகாட்டி இறங்காமல் ஓட்டுநர் இயந்திரத்தை நகர்த்த மாட்டார். ஒரு மரக் கைக்குக் கொடுத்த மதிப்பை மனிதக் கைக்குக் கொடுத்தால் என்ன?

வெளிநாடுகளில் இது பள்ளியிலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தில் 1947இலேயே பிள்ளைகளுக்குச் சைக்கிள் தேர்ச்சித் தேர்வு வந்துவிட்டது. டென்மார்க்கில் திரும்புவதற்கு மட்டுமின்றி நிற்பதற்கும் சைக்கிள்காரர் கையை உயர்த்துகிறார். அங்கே தனிப் பாதை உண்டு, இங்கே இல்லையே என்று சொல்லலாம். தனிப் பாதை இல்லாத இடத்தில்தானே கை கூடுதலாகத் தேவைப்படுகிறது?

நான் கேட்பது பெரிய திட்டம் அன்று. மிதிவண்டி வழங்கும் நாளில், சொற்பொழிவு முடிந்தபின் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தி வைத்தால் போதும். அதை நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஏற்று நடத்தலாம். ஆண்டுதோறும் ஏழு நாள் கிராம முகாம் போகிறோம், மரம் நடுகிறோம், கோயில் வளாகத்தைக் கூட்டுகிறோம். நாம் நட்ட மரங்களுள் எத்தனை தண்ணீர் கண்டன என்பதை இங்கே கிளற வேண்டாம். இந்த ஆண்டு முகாமில் ஒரு காலைப் பொழுதைச் சைக்கிளுக்குக் கொடுத்துப் பார்ப்போம். சுண்ணாம்பால் ஒரு நாற்சந்தி வரைய வேண்டும். ஒருவர் சைக்கிளில் வர, மற்றொருவர் பின்னால் ஸ்கூட்டரில் மெதுவாக வர வேண்டும். நீட்டிய கை ஸ்கூட்டரிலிருந்து எப்படித் தெரிகிறது, ஆட்டிய கை எப்படித் தெரிகிறது என்பதை இடம் மாற்றி உட்கார்ந்து எல்லாரும் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர்கள் நம்மிடம் உண்டு, சைக்கிள்கள் அவர்களிடம் உண்டு. சுண்ணாம்பு உடற்கல்வித் துறையில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.